வீடுவரை வந்த சென்சார்

சரவணா,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பித்தால் முதல் வரியே பொய்யாகிவிடும். உன் அப்பாவுக்கு மூன்று நாளாகச் சளி. எனக்கு வழக்கம்போல இடுப்பு. மாடிப்படியில் ஃபியூஸ் போன பல்பை மாற்றியாகிவிட்டது, அது ஒன்றுதான் நல்ல செய்தி. போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று உனக்குச் சிரிப்பு வரும். போனில் நான் பேசினால் நீ நடுநடுவே 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பில் வேறு எதையோ தட்டிக்கொண்டிருப்பாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். கடிதம் என்றால் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். டூட்டி டைரியின் பின்பக்கத் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். உறையை ஒட்டப்போவதில்லை. வழியில் யார் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை, இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் இதே கதைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒன்று சொன்னாய். உனக்கு ஞாபகம்கூட இருக்காது. தை மாதம் கல்யாணம், பெங்களூரிலிருந்து அம்பத்தூர் ஆபீசுக்கே மாற்றல் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பேசிக்கொண்டிருந்தாய். "இனிமே உனக்கு ரெஸ்ட்தாம்மா. ரேவதி வந்துடுவா, அப்பாவ அவ பாத்துக்குவா. நர்ஸ்தானே, சொல்லித் தரவே வேணாம்" என்றாய். என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

நீ சொன்னதற்கு அன்று நான் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கடிதம். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐப்பசி மாதம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களின் உடம்பு ஒரு நாளில் என்ன பாடு படுகிறது, எத்தனை தடவை குனிகிறோம், எவ்வளவு நேரம் வளைந்தே நிற்கிறோம் என்று அளந்து பார்க்கும் ஆராய்ச்சியாம். தீப்பெட்டி அளவில் சென்சார்கள். பிடரிக்குக் கீழே ஒன்று, இடுப்பில் ஒன்று, தொடையில் ஒன்று என்று டேப் போட்டு ஒட்டிவிட்டு மேலே யூனிபார்மைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். யாருடைய பெயரும் எழுத மாட்டோம், நம்பர்தான் என்றார்கள். ஷாலினி என்று ஒரு பெண், பிசியோதெரபி படித்தவள், உன் வயதுதான் இருக்கும், அவள்தான் ஒட்டினாள். "கழட்டாதீங்க சிஸ்டர், ஷிப்ட் முடிஞ்சதும் நாங்களே எடுத்துடுவோம்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

நம் ஆட்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. பெட்டி வார்டுக்குள் வருவதற்குள் அதைப் பற்றிய வதந்தி வந்து உட்கார்ந்துவிட்டது. யார் எத்தனை நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று மேனேஜ்மென்டுக்குப் போகும், பாத்ரூமில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதுகூடத் தெரிந்துவிடும், முதுகு வீக்கான ஆட்களைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள் என்றெல்லாம். எங்கள் வார்டு ஆயா கன்னியம்மாவை நீ பார்த்திருக்கிறாய், உனக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று லட்டு பொட்டலத்தோடு வந்தவள். அவள் இடுப்பில் ஒட்டியதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "இன்னாக்கா இது, மாட்டுக்கு மணி கட்ன மாதிரி கீது. நா ஒரு வாய் டீ குட்ச்சா போய் சொல்லிக் குடுத்துருமா?" என்றாள். அன்று காலை முழுவதும் அவள் டீயே குடிக்கவில்லை.

அவளைச் சொல்லி என்ன, நான் மட்டும் என்ன ஒழுங்கு. முப்பது வருஷ சர்வீஸில் அன்று காலை மாதிரி நான் வேலை பார்த்ததில்லை. கட்டிலை உயர்த்துகிற கைப்பிடி எல்லாக் கட்டிலிலும் உண்டு, சுற்றி நேரமாகும் என்று யாரும் தொடுவதில்லை. அன்று சுற்றினேன். நோயாளியைத் திருப்பும்போது முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, நர்சிங் ஸ்கூலில் படம் போட்டுக் காட்டியதுபோலவே செய்தேன். பதினோரு மணிவரை நடந்தது அந்த நாடகம். அப்புறம் இரண்டு புது அட்மிஷன், ஒரு ஆபரேஷன் கேஸ் திரும்பி வந்தது, ஏழாம் பெட் பெரியவர் சரிந்துபோய்க் கால் மாட்டில் கிடந்தார். அன்று என்னோடு அதே வார்டில் டூட்டியில் இருந்த ரேவதியும் நானும் ஆளுக்கொரு பக்கம் துணியைப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி அவரை மேலே இழுத்தோம். பெட்டி ஞாபகமே இல்லை எங்களுக்கு.

ஷிப்ட் முடிகிற நேரத்தில், நான் இல்லாதபோது அப்பாவை எட்டிப் பார்த்துக்கொள்கிற கீழ்வீட்டு அம்மாவிடமிருந்து போன். அப்பா கட்டிலிலிருந்து பாதி சரிந்து தொங்குகிறார், என்னால் தனியாகப் பிடிக்க முடியவில்லை என்று. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். ஷேர் ஆட்டோவில் ஏறி மேனாம்பேடு வந்து, மூச்சு வாங்கப் படியேறி, அவரைத் தூக்கிப் படுக்க வைத்து, புடவை மாற்றும்போதுதான் பார்க்கிறேன், மூன்று பெட்டியும் உடம்பிலேயே இருக்கின்றன.

வேறு யாராவதாக இருந்தால் பிய்த்து மேஜையில் வைத்திருப்பார்கள். நர்ஸ் புத்தி விடவில்லை. வேறொருவர் போட்ட டியூபையோ கட்டையோ அவர்கள் சொல்லாமல் நாம் எடுக்கக் கூடாது என்று முப்பது வருஷமாக மண்டையில் ஏறிப்போயிருக்கிறது. கழற்றாதீர்கள் என்று அந்தப் பெண் சொன்னாளே. எடுத்து ஏதாவது கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? காலையில் டூட்டிக்குப் போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்று குளிக்கக்கூட இல்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டேன். பெட்டியோடுதான் சமைத்தேன், பெட்டியோடுதான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன், பெட்டியோடுதான் உன் அப்பாவைப் பார்த்தேன்.

உன் அப்பாவைப் பார்ப்பது என்றால் என்ன என்று உனக்கு நான் இதுவரை விவரமாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. வலது பக்கம் அசையாது. அவரைக் கட்டிலிலிருந்து டாய்லெட் நாற்காலிக்கு மாற்ற வேண்டும், மறுபடி கட்டிலுக்கு ஏற்ற வேண்டும். முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். நனைந்த விரிப்பை அவர் படுத்திருக்கும்போதே உருவி மாற்ற வேண்டும். மரத்துப்போன காலைத் தூக்கி மடக்கி நீட்ட வேண்டும். அவர் எண்பது கிலோ, சரவணா. ஆஸ்பத்திரியில் எண்பது கிலோவுக்கு இரண்டு பேர் நிற்போம். கட்டில் உயரும். வீட்டில் நம் பழைய மரக்கட்டில், முழங்கால் உயரம், நான் ஒருத்தி. ஏஜென்சியிலிருந்து ஆள் வைத்துப் பார்த்தோமே, மூன்று பேர் மாறினார்கள், ஒருவரும் இரண்டு மாதம் தாண்டவில்லை. உன்னிடம் 'ஆள் வரலப்பா, பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்' என்று சொன்னேன். பரவாயில்லை என்கிற வார்த்தையை நான் உன்னிடம் சொன்ன அளவுக்கு வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வாரம் கழித்து ஷாலினி என்னைக் கீழே கூப்பிட்டாள். லேப்டாப்பில் ஒரு நீளமான பட்டையைக் காட்டினாள். முதுகு நிமிர்ந்திருந்தால் பச்சை, வளைந்தால் மஞ்சள், ரொம்ப வளைந்து பாரத்தோடு நின்றால் சிவப்பு. ரேவதியும் அவளுடைய பட்டையைப் பார்க்க வந்திருந்தாள், என் பக்கத்தில் நின்றாள். எங்கள் இரண்டு பேருடையதையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தபோது, காலை ஷிப்டில் இருவரும் ஒரே நிமிஷத்தில் சிவந்திருந்தோம். ஏழாம் பெட் பெரியவரைத் தூக்கிய நிமிஷம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கு இருபத்தாறு. பட்டையில் வயது தெரியவில்லை.

அவளுடைய பட்டை மதியத்தோடு முடிந்துவிட்டது. என்னுடையது நீண்டுகொண்டே போனது. காலையில் பச்சைக்கு நடுவே சிவப்பு. மதியத்துக்கு மேல் சிவப்புக்கு நடுவேதான் கொஞ்சம் பச்சை. ஷாலினி குழம்பிப்போய்க் கேட்டாள்.

"சிஸ்டர், ரெண்டு மணிக்கு மேல எந்த வார்டு பாத்தீங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏன் வெட்கம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வீட்டு விஷயம் லேப்டாப்பில் ஏறிவிட்டது, பெட்டியை வீட்டுக்கே கொண்டுபோனதும் தெரிந்துவிடும், எல்லாம் சேர்ந்து. ஐ.சி.யூ.வில் ஆள் இல்லையென்று கூப்பிட்டார்கள், ஓவர்டைம் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அவள் அதை நம்பி, அந்த நேரத்துக்கு நேராக 'வேலை' என்று டைப் செய்தாள். அன்று இரண்டு மணிக்கு நான் ஓடியதைப் பார்த்தவள் ரேவதி. பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன், சரவணா. இரண்டு வருஷத்தில் நான் வீட்டில் செய்ததை வேலை என்று ஒருவர் எழுதியது அதுதான் முதல் தடவை. அதுவும் நான் பொய் சொன்னதால்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எடுக்காத டெம்பரேச்சரைச் சார்ட்டில் எழுதுகிற ஆள் நான் இல்லை. நானே ஷாலினியைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. சங்கடமாகச் சிரித்து, "வீட்டு வேலைய இதுல சேக்க முடியாது சிஸ்டர், ஆஸ்பத்திரில செய்யறது மட்டும்தான் எங்க கணக்கு" என்றாள். அவள் மேல் தப்பில்லை, அவளுக்குக் கொடுத்த ஆராய்ச்சி அது. அழிப்பதற்கு முன்னால் ஒரு பிரின்ட் கேட்டேன், கொடுத்தாள். அதை மடித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். விரித்துப் பார். இடது பக்கம் பாதி ஆஸ்பத்திரி. வலது பக்கம் பாதி நம் வீடு.

இப்போது நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

ரேவதியை உனக்கு நான்தான் பார்த்தேன். நல்ல பெண், பொறுமைசாலி, திருநின்றவூரில் அம்மாவும் தம்பியும் மட்டும்தான், உனக்குப் பொருத்தமாக இருப்பாள் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் நிஜம்தான். ஆனால் முதன்முதலில் அவளை எப்போது கவனித்தேன் தெரியுமா? அவள் வார்டில் சேர்ந்த புதிதில், பாத்ரூம் வாசலில் ஒரு ஆள் மயங்கி விழுந்துவிட்டார். நல்ல கனம். இவள் ஓடிப்போய் ஒரு முழங்காலை ஊன்றி, அவர் கையைத் தன் தோளில் போட்டு, பதற்றமே இல்லாமல் தூக்கி உட்கார வைத்தாள். அதைப் பார்த்த உடனே என் மனதில் என்ன ஓடியது? இவளால் இவரைத் தூக்க முடியும். அவ்வளவுதான். உன் முகம்கூட அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. உன் அப்பாவின் கட்டில்தான் ஞாபகம் வந்தது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்களைவிட நான் எந்த விதத்தில் உசத்தி?

அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பேசிப் பழகி, உனக்கும் பிடித்து, அவளுக்கும் பிடித்து, ஆவணியில் நிச்சயம் செய்து, எல்லாம் நல்லபடியாக நடந்ததால் என் உள்நோக்கம் எனக்கே மறந்துபோயிருந்தது. நீ போனில் சொன்ன வார்த்தையில்தான் அது மறுபடி எழுந்து வந்து எதிரே நின்றது. நான் வாய்விட்டுச் சொல்லாததை நீ எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். உன்மேல் கோபம் வந்தது, அப்புறம்தான் புரிந்தது, அந்த வாக்கியம் என்னுடையது, நீ படித்துக் காட்டினாய்.

உனக்கு ஆறேழு வயது இருக்கும்போது நான் டூட்டி முடிந்து வந்து தரையில் குப்புறப் படுத்துக்கொள்வேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முதுகில் ஏறி மெதுவாக மிதித்துவிடுவாய். "இங்கயாம்மா, இங்கயாம்மா" என்று கேட்டுக்கொண்டே நடப்பாய். வலிக்கிற இடம் உன் பாதத்துக்குத் தானாகத் தெரியும். மருந்து போட்டாலும் கேட்காத வலி உன் மிதியில் கேட்கும். ஏழாம் வகுப்பில் நீ திடீரென்று கனத்துப்போனாய், இனிமேல் வேண்டாம், அம்மா முதுகு தாங்காது என்று நிறுத்திவிட்டேன். அத்தோடு நிறுத்தினேனா? நீ தட்டைக் கழுவப் போனால் வைத்துவிட்டுப் போ என்பேன். வீடு பெருக்க விளக்குமாற்றை எடுத்தால் ஆம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று பிடுங்கிக்கொள்வேன். பாசம் என்றுதான் நினைத்தேன்.

அப்பாவுக்கு வாதம் வந்தபோது நீ பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தாய். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவரைத் தூக்க நீ கை வைத்தாய். தப்பாகத்தான் பிடித்தாய், அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தாய், அவர் வலியில் முனகினார். நான் என்ன செய்தேன்? உன் கையைத் தட்டிவிட்டேன். "நீ நகரு, உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். நீ நகர்ந்துபோய்க் கதவோரம் நின்றாய். அதற்கப்புறம் எத்தனையோ தடவை வந்துபோய்விட்டாய், அவரைத் தொட்டுத் தூக்கவே இல்லை. பழம் வாங்கி வருகிறாய், டி.வி. மாற்றி வைக்கிறாய், காலடியில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசுகிறாய். வார்டில் புதிதாக வருகிற நர்சிங் பிள்ளைகள் தப்பாகப் பிடித்தால் நான் தட்டிவிடுவதில்லை, கையை எடுத்துச் சரியான இடத்தில் வைப்பேன். பெற்ற பிள்ளைக்கு அதைச் செய்யவில்லை. உன்னைக் கதவோரம் நிறுத்தியது நான். அந்தக் குற்றம் என்னுடையது, அதை ரேவதியின் முதுகில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை.

உன் அப்பாவிடம் கேட்டேன். ரேவதி வந்தபின் அவளும் உங்களைப் பார்த்துக்கொள்வாள் என்று பிள்ளை சொல்கிறான் என்றேன். அவருக்கு வார்த்தை குழறித்தான் வரும், எனக்குப் புரியும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டிய மனுஷன், யாரிடமும் தலை குனியாமல் இருந்தவர். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்தப் பொண்ணு கைல வோணாம். எனக்கு ஒரு மாதிரி கீது. புள்ளைய வரச் சொல்லு." நான் தூக்கும்போதெல்லாம் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூச்சைப் பிடித்தால் கனம் குறையும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

போன வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து ரேவதியோடு அம்பத்தூர் ஸ்டேஷன்வரை போனேன். வார்டுக்குள் என்னை சிஸ்டர் என்பாள், நிச்சயம் ஆனதிலிருந்து கேட்டுக்கு வெளியே வந்ததும் அத்தை என்பாள். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எதற்காக அவளைக் கேட்டேன், நீ போனில் என்ன சொன்னாய், உன் அப்பா என்ன சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. திருவள்ளூர் வண்டி வந்தது. அவள் ஏறவில்லை. வண்டி போனபிறகு, பையின் வாரைச் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீங்க என் மூஞ்சியப் பாக்கல. காப்பித் தட்டு புடிச்சிருந்த கையத்தான் பாத்தீங்க."

அத்தை இல்லை, சிஸ்டர். கவனித்தாயா?

தெரிந்துமா சம்மதித்தாய் என்று கேட்டேன். உன்னைப் பிடித்திருந்தது என்றாள், அதில் இப்போதும் மாற்றமில்லை என்றாள். ஆனால் காலையில் ஏழாம் பெட்டைத் தூக்கிவிட்டு வந்து மாலையில் இன்னொரு ஏழாம் பெட்டைத் தூக்குவது என்றால் தன் முதுகு எத்தனை வருஷம் வரும் என்று என் பட்டையைப் பார்த்த அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். மாமாவுக்குச் செய்ய மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. செய்வதற்காகத்தான் கூட்டி வந்தார்கள் என்றால் தாங்காது என்றுதான் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து நேராக ஒன்று கேட்டாள்.

"அவருக்கு அப்பாவத் தூக்கத் தெரியுமா?"

தெரியாது என்றேன். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

"நீங்க கேட்டுச் சொல்ல வேணாம். அவரே சொல்லட்டும். அதுக்கப்புறம் பத்திரிகை அடிச்சிக்கலாம்" என்றாள். அடுத்த வண்டி வந்தது, ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள், அதைக்கூடச் செய்யாமல் போயிருந்தால் நான் இடிந்துபோயிருப்பேன்.

பத்திரிகையின் மாதிரி மேஜைமேல்தான் இருக்கிறது. உன் பெயர், அவள் பெயர், மஞ்சள் கரை, எல்லாம் சரியாக வந்திருக்கிறது. பிரஸ்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உன்னைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. உன் கல்யாணம் எதில் தொங்குகிறது என்று உனக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை.

ஆபீசிலிருந்து களைத்து வருகிற ஆண்பிள்ளையிடம் இதைக் கேட்கலாமா என்று உன் சித்தப்பா கேட்பார், கேட்டும் விட்டார். களைத்து வருவது ஆண்பிள்ளைதான் என்று யார் சொன்னது? அந்தத் தாளை அவரிடமும் காட்டு. ரேவதி வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றக் குனிவாள். அந்தக் குனிதலில் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கும், சுவரைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் எல்லோருக்கும் அது உண்டு. உன் அப்பா முப்பது வருஷம் அதைப் பார்த்ததில்லை. நல்லவர்தான், பார்க்கத் தோன்றவில்லை. நீ பார். என்ன ஆச்சு என்று கேட்காதே, ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள். அவள் பக்கெட்டைத் தூக்கினால் வாங்கிக்கொள், போதும். அவளுக்குத் தோன்றுகிற நாளில் அவளும் மாமாவுக்குக் கை கொடுப்பாள். அவளாகத் தோன்றிச் செய்வது வேறு, அவள் பெயரில் எழுதி வைப்பது வேறு.

முடியாது என்றால் முடியாது என்றே அவளிடம் சொல்லிவிடு. எனக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் உன்னை வெறுக்க மாட்டேன். வேறு ஏற்பாடு யோசிப்போம். பொய் மட்டும் சொல்லாதே. இரண்டு நாள் செய்துவிட்டு மூன்றாம் நாள் ஆபீஸ் கால் என்று மொட்டைமாடிக்குப் போகிற ஆளாக இருக்காதே. முடியும் என்றால் அவளுக்குப் போன் செய்யாதே, போனில் எதையும் சொல்லிவிடலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறி வா. பத்து மணிக்கு அப்பாவுக்கு உடம்பு துடைத்து விரிப்பு மாற்றுவேன். அன்று நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். தப்பாகப் பிடித்தால் வாயால் சொல்வேன், கையைத் தட்டிவிட மாட்டேன். ரேவதிக்கும் அன்று ஆஃப். கூப்பிட்டிருக்கிறேன், சாப்பிட மட்டும்.

இவ்வளவு நேரமாக நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து உன் அப்பா கட்டிலிலிருந்தே என்னவென்று கேட்டார். சரவணனுக்குக் கடிதம், உங்களைத் தூக்க வரச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டே அந்தக் குழறல் பேச்சில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"நா கனமா கீறேன்னு எய்து. தெரிஞ்சிகினு வரட்டும்."

எழுதிவிட்டேன்.

அம்மா